மலை மடுவில் கடல் பேன்

1

"நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வெள்ளைக்காரர் கேட்டால் கவலையில்லை. இந்தியா என்று சொன்னால் போதும், அவர் திருப்தியடைந்து மழையைப் பற்றிப் பேசப் போய்விடுவார். கேட்பவர் நம்மவராக இருந்தால்தான் தொல்லை. புத்தூர் பக்கம் என்பேன். எந்தப் புத்தூர் என்பார். நகரி தாண்டி, ரேணிகுண்டா போகிற ரயிலில் வருகிற புத்தூர் என்பேன். "ஓ, அப்படியானால் நீங்கள் தெலுங்கரா?" என்று கேட்பார். இத்தனையையும் நான் தமிழில்தான் சொல்லியிருப்பேன். அவரும் தமிழில்தான் கேட்டிருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கேள்வியைக் கேட்டவர் ராகவன் என்கிற மதராஸ் நண்பர். நண்பர் என்று எழுதுவதற்குக் கை கூசுகிறது. சாம்பார் வைப்பார், அதனால் போகிறேன். சாப்பிட்டு எழுந்தபோது பேச்சு வாக்கில், வயிறு நிறையத் துன்னுட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்களுடைய பையன், இங்கேயே பிறந்தவன், அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, இந்த மாமா என்ன பாஷை பேசுகிறார் என்று இங்கிலீஷில் கேட்டான். அவனுக்குத் தமிழே தெரியாது. துன்னு என்றாலும் சாப்பிடு என்றாலும் அவனுக்கு ஒன்றுதான். அந்தக் குழந்தைக்குத் தாய்மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொடுக்க நேரமில்லாதவர் என் தமிழைத் திருத்துகிறார்.

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ராகவன் இன்னொன்றையும் சொன்னார். "உங்கள் எல்லைத் தகராறு தீர்ந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறதே, நிம்மதிதானே?"

தீர்ந்ததாம். ஊரில் இருக்கும் உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்தத் தகராறு என்னிடமிருந்து எதைப் பறித்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நிலத்தை இல்லை, எங்களுக்கு நிலம் அதிகம் கிடையாது. ஒரு மடுவை.

2

நான் வேலை பார்ப்பது இங்கே லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தின் மீன் பிரிவில். வேலை என்றால் உபகாரச் சம்பளத்தில் ஆராய்ச்சி. இடம் என்றால் நிலவறை. மேலே பிள்ளைகள் திமிங்கில எலும்பைப் பார்த்து வாயைப் பிளக்கும். கீழே நாங்கள் உலகத்து ஆறுகளையெல்லாம் புட்டிகளில் அடைத்து வரிசையாக வைத்துக்கொண்டு மூக்கைப் பொத்திக்கொள்வோம். ஸ்பிரிட் வாடை கோட்டில் ஏறி, சட்டையில் ஏறி, கடைசியில் டீயிலும் ஏறிவிடும்.

இந்த நிலவறையில் ஒரு விதி உண்டு. புட்டிக்குள் போடும் சீட்டில் மீன் பிடித்த இடம், பிடித்தவர் பெயர் இரண்டையும் அழியாத மையில் எழுத வேண்டும். எழுதினால் எழுதியதுதான். பிறகு ஊர் பேர் மாறலாம், ராஜ்யம் மாறலாம், கொடி மாறலாம். பழைய சீட்டை யாரும் எடுக்கக் கூடாது. வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு சீட்டைப் போடலாம். ஊரில் என் பள்ளிச் சான்றிதழ் ஒரு ராஜ்யத்தைச் சொல்கிறது, கல்லூரிச் சான்றிதழ் இன்னொன்றைச் சொல்கிறது. உபகாரச் சம்பளத்தை நீட்டிக்க எழுதிப் போட்டால் மதராஸில் நீ ஆந்திரா என்றார்கள். அந்தப் பக்கம் எழுதினால் உன் பள்ளிச் சான்றிதழ் மதராஸ்தானே, அங்கேயே கேள் என்றார்கள். இந்தியத் தூதரகத்துக் குமாஸ்தா ஒருவர் என் பாஸ்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கூடப் பார்த்தார். புட்டியில் கிடக்கும் மீனுக்கு இருக்கும் மரியாதை எனக்கு இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

வந்த புதிதில் ஒரு நாள், என்னை மேய்ப்பதற்கென்று நியமித்திருந்த டாக்டர், மடகாஸ்கர் அலமாரியில் தூசி தட்டச் சொன்னார். முதல் புட்டியைத் திருப்பினேன். உள்ளே இருந்து எங்கள் ஊர் மீன் என்னைப் பார்த்தது.

எங்கள் பக்கம் அதைக் காசு மீன் என்போம். வட்டமாக, தட்டையாக, மஞ்சளாக இருக்கும். நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. குழம்புக்கு ஆகாத அளவு முள். மடகாஸ்கர் மீன் கொஞ்சம் தடித்தது, நிறம் வேறு. ஆனால் அந்த முகத்தை எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் திரும்பிப் பார்க்க, இவர் நம்ம வகையறாவாச்சே என்று தோன்றுமே, அப்படி. வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் துடுப்பின் முட்களை எண்ணினேன். இந்தப் பெருங்கூட்டத்தைச் சேர்ந்த மீன்கள் ஆப்பிரிக்காவிலும் உண்டு, தென்னமெரிக்காவிலும் உண்டு. அநேகமாக எல்லாவற்றுக்கும் அந்த இடத்தில் மூன்று முள்தான். எங்கள் மீனுக்கும் மடகாஸ்கர் மீனுக்கும் மட்டும் வரிசையாக நிறைய. அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடப் போகவில்லை. இரண்டு புட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நடுவில் ஒரு சமுத்திரம் கிடக்கிறது. இந்த இரண்டும் எப்படி உறவாயின?

3

டாக்டருக்கு அதில் சந்தேகமே கிடையாது. நீந்திப் போயிருக்கும் என்றார். காசு மீன் நல்ல தண்ணீரிலும் இருக்கும், உப்பங்கழியிலும் இருக்கும். உப்பைத் தாங்கும் மீனுக்குச் சமுத்திரம் பெரிய விஷயமா என்று கேட்டார்.

நான் வேறு ஒன்றை நினைத்தேன். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்திருந்தால்? நிலம் பிளந்து நகர்ந்தபோது மீன் தன் ஆற்றோடு சும்மா இருந்திருந்தால்? நகர்ந்தது நிலம், மீன் இல்லை. இப்படிச் சொல்கிறவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள், ஆனால் மூத்தவர்கள் முன்னால் மெதுவாகத்தான் சொல்வார்கள். எனக்கு மெதுவாகச் சொல்ல வராது. தேநீர் வேளையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். டாக்டர் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, "கண்டங்கள் உலாவப் போவதில்லை, இளைஞரே" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ராகவன் வீட்டுச் சிரிப்புக்கு அண்ணன்.

நான் விடவில்லை. சமுத்திரத்தைத் தாண்டத் தெரிந்த மீன் ஏன் பர்மாவுக்குப் போகவில்லை, அரபுக் கரைக்கு ஏன் போகவில்லை, மடகாஸ்கரில் மட்டும் அதற்கு என்ன வேலை என்று கேட்டேன். டாக்டர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார். இந்தியாவில் எல்லாமே வெளியிலிருந்து வந்தவைதானே என்றார். இது இவர்களுக்குப் பாராயணம். எங்கள் மலையோடை மீன்கள் மலாய் பக்கத்திலிருந்து மலைவழியாக வந்தவை என்று கல்கத்தாவில் ஒரு கட்சி உண்டு. அதிலாவது மீனைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். டாக்டர் பேசுவது மீனைப் பற்றியே இல்லை. எங்கள் நாட்டில் எதுவும் தானாக இருந்திருக்க முடியாது என்பதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அப்படியானால் வந்தவர்களில் வெள்ளைக்காரரும் ஒருவர்தானே.

அவர் கேட்டது ஒரே ஒரு சாட்சி. கடலிலிருந்து எந்த மீனும் ஏறி வர முடியாத இடத்தில், நீண்ட காலமாகத் தனித்துக் கிடக்கும் காசு மீன் கூட்டம் ஒன்று. அது கரையோரத்து மீனிலிருந்து முள்ளிலும் செதிலிலும் மாறிப் போயிருக்க வேண்டும். அப்படி ஒன்றைக் காட்டினால், இந்த மீன் உள்நாட்டுப் பழங்குடிதான் என்பதைக் கொஞ்சமாவது யோசிக்கிறேன் என்றார். காட்ட முடியாது என்கிற தைரியத்தில் சொன்னார்.

எனக்கு அப்படி ஓர் இடம் தெரியும்.

எங்கள் ஊருக்கு மேலே மலையில் ஓர் அருவி உண்டு. அருவிக்கு மேலே பாறைகளுக்கு நடுவில் ஒரு மடு. கோடையிலும் வற்றாது. கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை ஏறிப் போய்க் குனிந்து பார்த்தேன். அடியில் மஞ்சளாக ஏதோ பளிச்சென்று திரும்பியது. கையில் வலை இல்லை. திருப்பதிக் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தபோதும் அந்த மஞ்சளை நினைத்துக்கொண்டே இருந்தேன்; விடுமுறை என்றால் வகுப்பறைத் தவளைகளை எண்ணி வைக்கவே நேரம் போனது. கப்பலேறும் வரைக்கும் திரும்பப் போகவில்லை. பரவாயில்லை, அக்கா புருஷன் முனிரத்தினம் மாமா அந்த மலையடிவாரத்தில்தான் பயிர் வைக்கிறார். வருவதற்கு முன்பே அவரிடம் ஒரு டப்பா ஃபார்மலின், வலை, அகலவாய்ப் புட்டிகள் எல்லாம் கொடுத்திருந்தேன். மது விலக்கு ஜில்லா; மீன் ஊறப்போட ஸ்பிரிட் வேண்டும் என்று தாலூகா ஆபீஸில் கேட்டால் பார்க்கிற பார்வையே வேறு. அதனால்தான் ஃபார்மலின்.

மடுவில் பிடித்து அனுப்புங்கள் என்று எழுதினேன்.

4

அப்போது ஊர் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆந்திரா தனியாகப் பிறந்தபோது சித்தூர் ஜில்லா அதோடு போனது. தமிழ் பேசும் எங்கள் ஊர்களும் சேர்ந்து போயின. பிறகு எல்லையைச் சரிசெய்யப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று கிராமம் கிராமமாகப் பார்ப்பார்கள் என்றார்கள். அதற்கப்புறம் யாரும் வேறு எதையும் பேசவில்லை. டீக்கடையில் எல்லை, களத்துமேட்டில் எல்லை, எழவு வீட்டில் எல்லை. ஜீப்பில் யார் வந்து இறங்கினாலும் அளக்க வந்தவன் என்றார்கள். அம்மை வராமல் அம்மைப்பால் வைக்க வந்தவரிடம் மனு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

மாமாவுக்கு இதில் வெறி. காரணம் ஒன்றுதான், அவர் மகள். ஊர்ப் பள்ளியில் தமிழ் வாத்தியார் போன இடத்துக்கு வேறு தமிழ் வாத்தியார் வரவில்லை. புள்ள தமிழ்ல படிக்கணும், அவ்வளவுதான் என்பார். மதராஸோடு சேர்ந்தால் வாத்தியார் வந்துவிடுவார் என்று அவருக்கு நம்பிக்கை. மதராஸ்காரர்கள் எங்களைப் பார்த்து எப்படிச் சிரிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

நான் கப்பலேறப் புறப்பட்ட அன்று புத்தூர் ஸ்டேஷனில் ஊரில் பாதி வந்திருந்தது. நீ போய் என்னதான் படிக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். எனக்கு யாராவது கேட்டால் போதும். ரயில் வரும்வரை சொன்னேன். தண்ணீரில் வாழும் மீன் நிலத்தில் நடக்காது. ஆகவே ஒரே ஜாதி மீன் இரண்டு ஆற்றில் இருந்தால் அந்த இரண்டு தண்ணீரும் என்றோ ஒன்றாக இருந்தவை என்று அர்த்தம். மீனைப் பார்த்தே எந்தத் தண்ணீர் எந்தத் தண்ணீரோடு சேர்ந்தது என்று சொல்லிவிடலாம் என்றேன். எல்லோரும் இவ்வளவு கவனமாகக் கேட்கிறார்களே என்று பூரித்துப் போனேன். நான் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

5

புட்டி வந்து சேர்ந்தது. மாமா நன்றாகத்தான் கட்டியிருந்தார். வைக்கோல், சாக்கு, மேலே மரப்பெட்டி. சுங்கத்தில் அதை ஊறுகாய் என்று நினைத்துத் திறந்து, ஒருவர் முகர்ந்தும் பார்த்திருக்கிறார். அவருக்கு நல்லா வேணும்.

உள்ளே காசு மீன்கள். கொழுத்தவை. மடுவில் மீன் உண்டு. நான் பார்த்த மஞ்சள் பொய்யில்லை. நிலவறையில் யாருமில்லாத நேரத்தில் கொஞ்சம் ஆடினேன் என்றுகூடச் சொல்லலாம். டாக்டரிடம் போய், துறைக் கூட்டத்தில் பேச எனக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள் என்றேன். அவர் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, சுவாரசியம் என்றார். இங்கிலீஷ்காரர் சுவாரசியம் என்றால் நம்பவில்லை என்று அர்த்தம்.

முள் எண்ண உட்கார்ந்தேன். முதல் மீன், இரண்டாவது மீன். மூன்றாவதின் செவுளைத் தூக்கினால் உள்ளே வெளிறிய பூச்சி ஒன்று, கால்களால் கவ்விக்கொண்டு, செத்த பிறகும் விடாமல். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, இருந்தாலும் தெரியாதது போலப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். கடல் பேன். உப்பங்கழி மீன்களின் செவுளில் ஒட்டி ரத்தம் குடிக்கும் ஜந்து. பழவேற்காடு ஏரியில், பொன்னேரிக்குக் கிழக்கே, வலை இழுப்பவர்கள் மீனைக் கொட்டும்போது இதைப் பிய்த்து எறிவதைப் பார்த்திருக்கிறேன். உப்பில்லாத தண்ணீரில் அது பிறக்காது, வளராது. விட்டால் சில நாள் ஒட்டிக்கொண்டிருந்து செத்துப்போகும்.

அருவிக்கு மேலே, மலை உச்சி மடுவில், கடல் பேன்.

மாமா மலை ஏறவில்லை என்று முடிவு கட்டினேன். மீன் கூடைக்காரியிடம் வாங்கிப் புட்டியில் போட்டுவிட்டார். வேகாத வெயிலில் எவன் ஏறுவான் என்று நினைத்திருப்பார். திட்டி எழுதினால் ஊர் முழுக்கப் படித்துக் காட்டுவார்கள். கூட்டத்தைத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி லீவு எடுத்து, மலிவான கப்பல் ஒன்றில் கிளம்பினேன். மடு இன்னும் இருக்கிறது. நானே ஏறுவேன். நானே பிடிப்பேன்.

6

"இன்னா மச்சான், லண்டன்ல சோறே போடலியா, வத்தலா வந்துக்கினு கீற" என்றார் மாமா. அதுதான் வரவேற்பு. நைனாவின், அதாவது அப்பாவின், உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நான் எதற்கு வந்தேன் என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

அக்கா சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே மாமாவிடம் கேட்டுவிட்டேன், மீனை எந்தச் சந்தையில் வாங்கினீர்கள் என்று. அவருக்கு முகம் சிவந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நீயே வந்து பார் என்று சொல்லிக் கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் வலையோடு பின்னால் ஓடினேன்.

வழியெல்லாம் அவர் முள்ளை வெட்டுவார், ஒதுக்குவார், நடப்பார். இந்த ஓடை எங்கே போகிறது என்பதை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். கீழே இறங்கி, பிச்சாட்டூர் பக்கம் ஆரணியாற்றில் சேர்ந்து, ஊத்துக்கோட்டை தாண்டி, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டில்தான் விழுகிறது. தண்ணீர் போகும், மீன் வராது. நடுவில் அருவி நிற்கிறது. அருவிப் பாறையில் கையும் காலும் சிராய்த்துக்கொண்டு ஏறியபோது இதைவிட நல்ல சாட்சி உலகத்திலேயே கிடையாது என்று தோன்றியது.

மடுவில் மீன் இருந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெளிந்த தண்ணீர். அடிப்பாறையில் ஜோடி ஜோடியாகக் காசு மீன்கள். ஒரு ஜோடி குஞ்சுகளைச் சுற்றிக் காவல் நின்றது. ஒன்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்க, இன்னொன்று என் நிழலைப் பார்த்து முறைத்தது. மாமாவைச் சந்தேகப்பட்டோமே என்று இருந்தது. அவர் தோளைத் தொட்டேன்.

"பாத்தியா" என்றார். கோபம் போய்ச் சிரித்தார். "எல்லாம் நாம வுட்டதுதான்."

எனக்கு முதலில் காதில் விழவில்லை. விட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்று, வீடு கட்டிய கதையைச் சொல்வது போலச் சொன்னார். ஊரில் நாலு பேர் சேர்ந்து பொன்னேரிக்குப் போயிருக்கிறார்கள். ஏரியில் வலைக்காரர்களிடம் உயிர் மீனாகக் கேட்டு வாங்கி, பித்தளைத் தோண்டிகளில் விட்டு, வாயில் ஈரத்துணி கட்டி, பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். ஊத்துக்கோட்டையில் கண்டக்டர் இறங்கச் சொல்லிச் சண்டை. பிச்சாட்டூரில் இறங்கித் தண்ணீர் மாற்றியிருக்கிறார்கள். வழியில் பாதி செத்தது. மீதியைத் தோளில் சுமந்து, நாங்கள் இப்போது ஏறிய அதே பாறையில் ஏறி, மடுவில் விட்டிருக்கிறார்கள். இரண்டொரு நாள் கழித்துச் சிலவற்றைப் பிடித்து எனக்குப் புட்டியில் போட்டிருக்கிறார்.

"மடுவுல புடின்னு எழுதுன. மடுவுலதான் புடிச்சேன். பொய் ஒண்ணும் சொல்லல."

"எதுக்கு மாமா?"

"நீதான சொன்ன, ரயிலடில. மீனப் பாத்தா எந்தத் தண்ணி எந்தத் தண்ணியோட சேந்ததுன்னு சொல்லிடலாம்னு. இங்க மேல வரைக்கும் பொன்னேரி மீனு கீதுன்னு லண்டன்ல எழுதிட்டா, டில்லியில எவன் மாத்துவான்? நாம மெட்ராசு."

இந்த ஓடை பொன்னேரிக்குத்தான் போகிறது, அதற்கு மீன் சாட்சி எதற்கு, மழை பெய்தால் கண்ணுக்கே தெரியுமே என்று கத்தினேன்.

"தெரியும்பா. எங்களுக்குத் தெரியாதா? அத எத்தினி வாட்டி மனு போட்டாச்சி. எவன் கேட்டான்? நீ சொன்னா கேப்பாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. விடுவதற்கு முன்னால் இந்த மடுவில் காசு மீன் இருந்ததா?

யோசித்தார். கத்தியால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

"இருந்துச்சோ இல்லியோ. ஏதோ ஓடிக்கினு இருக்கும், ஆடு மேய்க்கிறவங்க சொல்வாங்க. யாரு குனிஞ்சி பாத்தா. எதுக்கும் இருக்கட்டும்னுதான் வுட்டோம்."

எதுக்கும் இருக்கட்டும். எத்தனையோ யுகமாக அருவி காத்த மடுவை நாலு தோண்டியில் முடித்துவிட்டார்கள். இருந்திருந்தால் இப்போது கலந்துவிட்டது. இல்லாதிருந்தால், இல்லாதிருந்தது என்பதையும் இனிச் சொல்ல முடியாது. நான் பார்த்த மஞ்சள் என்ன என்பது எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, இனிப் பிறக்கப் போகிற எவனுக்கும் தெரியாது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். முட்டாள் என்றேன். ஊரையே முட்டாள் என்றேன். அவர் மடுவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் மூச்சு வாங்கும்போது கேட்டார்.

"சரி மச்சான், இதுங்க குட்டிங்க இங்கதான பொறந்துச்சிங்க. இப்ப அதுங்க எந்த ஊரு?"

வலையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அன்று முதல் அவரோடு எனக்குப் பேச்சில்லை.

7

எல்லைக் கோடு வந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. எங்கள் ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆந்திராவில். யாரும் மீனைக் கேட்கவில்லை. தமிழ் வாத்தியார் வரவில்லை. அக்கா மகள் தெலுங்கில் வகுப்பிலேயே முதலாவதாம். தினமும் சாயந்திரம் மாமாதான் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் ஒப்புவிக்கச் சொல்கிறாராம். நியூஸ் மாதிரி அக்கா எழுதியிருந்தாள். படித்துவிட்டு எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பொதுவாக எல்லார் மேலும் பட்டுக்கொண்டேன்.

துறைக் கூட்டத்தில் பேசினேன். ஒளிக்கவில்லை. ஒளித்திருக்கலாம், பேனைப் பிய்த்து எறிந்திருந்தால் டாக்டருக்கு என்ன தெரியும்? மடு போய்விட்டது, அதனால் என் சாட்சி போய்விட்டது, ஆனால் கேள்வி போகவில்லை என்றேன். முள்கணக்கு அப்படியே இருக்கிறது, மடகாஸ்கர் உறவு அப்படியே இருக்கிறது, பர்மாவுக்கு ஏன் போகவில்லை என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்றேன். டாக்டர் எழுந்து, ஆக மனிதன் கொண்டுவந்தான், நான் சொன்னதுபோல வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது என்றார். சிரிப்பு. பிஸ்கட். கூட்டம் முடிந்தது.

புட்டியைக் கொட்டிவிடச் சொன்னார். இடம் அடைக்கிறதாம், விஞ்ஞானத்துக்குப் பிரயோஜனமில்லையாம்.

அந்தப் புட்டி மாதக்கணக்காக என் மேஜையில் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ராகவன் வீட்டிலிருந்து வந்த ஆத்திரத்தில், மறுநாள் காலை முதல் வேலையாக ஒரு சீட்டை எடுத்து அழியாத மையில் எழுதினேன். பொன்னேரிக்குக் கிழக்கே உப்பங்கழியில் பிடித்தது, மதராஸ் ராஜ்யம். பித்தளைத் தோண்டியில், ஊத்துக்கோட்டை வழி பஸ்ஸில், பிச்சாட்டூரில் தண்ணீர் மாற்றி, புத்தூருக்கு மேலுள்ள மலை மடுவில் விட்டது, ஆந்திர ராஜ்யம். அங்கிருந்து மறுபடி பிடித்தது. பிடித்தவர் என்கிற இடத்தில் மாமாவின் முழுப் பெயர், அவருடைய நைனா பெயர், ஊர்ப் பெயர்.

டாக்டர் படித்துவிட்டு, சீட்டு மிக நீளம் என்றார். உண்மை நீளமாக இருக்கிறது என்றேன். இந்த நிலவறையில் இருக்கும் எந்த மீனைக் கேட்டாலும் அது தன் ஆற்றுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நீந்தியது என்பீர்கள், நடந்தது என்பீர்கள், நிலம் தூக்கி வந்தது என்று நான் சொல்வேன். எப்படி வந்தது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த மீன் இது ஒன்றுதான், இதைக் கொட்டச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, எந்த அலமாரியில் வைப்பாய் என்று கேட்டார்.

மடகாஸ்கருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மாமாவுக்கு எழுதவில்லை, எழுதவும் போவதில்லை. அவர் செய்ததற்கு மன்னிப்பு கிடையாது. இங்கே எழுதியதை யாரும் எடுக்க மாட்டார்கள். எத்தனை தடவை எல்லையை மாற்றினாலும், அந்த மடுவைக் கெடுத்தவர் எந்த ஊர், யார் மகன் என்று அந்தப் புட்டி சொல்லிக்கொண்டே இருக்கும். நான் கொடுத்த தண்டனை அது.